முதலில் பிரேக்

“முதல்ல பிரேக்க மாத்து.”

வாசலைப் பார்த்துப் போட்டிருந்த பிரம்பு நாற்காலியிலிருந்து அந்தக் குரல் வந்தபோது நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஊசி அப்படியே நின்றுவிட்டது. வெளியே சாயங்கால மழை. முன்பக்கத் தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் என் காதுதான் ஏமாற்றுகிறதோ என்று நினைத்தேன்.

மகள் கலாவும் திரும்பிப் பார்த்தாள். டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு, வீடியோ கேமின் பட்டன் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிவியில் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில், அந்தக் காருக்கு வாங்கிப் பூட்டக்கூடிய சாமான்கள் வரிசையாக இருந்தன. டர்போ வாங்குவதா, என்ஜின் சக்தியை ஏற்றிக்கொள்வதா என்று அவள் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, என்னையா சொன்னீங்க?”

“டர்போவ விடு. பிரேக்க மாத்து. அப்புறம் டயர். ஓடுறதப் பத்திப் பிறகு பேசலாம்.”

சொல்லிவிட்டு மறுபடியும் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் எழுந்து போய் சாமி மேடையில் முருகன் படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். என் வீட்டுக்காரர் யாரும் கேட்காமல் தானாக வாய் திறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

லோரியும் இரண்டு பேரும்

கிள்ளானில் நாங்கள் குடிவந்த வீட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதே வீட்டு ஹாலில், பிள்ளைகள் வளர்ந்த பிறகு நடந்தது இது. ரிங்கிட் விழுந்து, ஷா ஆலம் பக்கம் தொழிற்சாலைகளில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். கார் ரேஸ் விளையாட்டைப் பற்றி இந்தப் பாக்கியம் அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் எழுத முடியும்.

என் வீட்டுக்காரரை வெளியே எல்லோரும் மணியம் என்பார்கள். இளவயதிலிருந்தே லோரி ஓட்டியவர். லோரியில் டிரைவருக்குத் துணையாகப் போகும் ஆளை எங்கள் ஊரில் கெலிண்டான் என்போம். அவருடைய கெலிண்டான் ராமையா. கிட்டத்தட்ட அவர் வயதுதான். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். தைப்பூசத்தில் ராமையா காவடி எடுத்தால், பத்துமலைப் படி ஏறி முடிக்கும்வரை இவர் பக்கத்திலேயே நடப்பார். ராமையாவின் மனைவி தனம் பிரிக்பீல்ட்ஸ் பெண். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள்.

கெலிண்டான் வேலை என்றால் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து வருவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தார்ப்பாய் கட்டுவது, பின்னால் பார்த்துச் சொல்வது, நிறுத்திய இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது எல்லாம் அவர்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ராமையா ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பார். சத்தம் சரியில்லை என்றால் இவரிடம் ஒரு தலையசைப்பு. அதற்கு மேல் இருவருக்கும் பேச்சே தேவைப்படாது.

மலைப் பாதை ஒன்று இருக்கிறது. பஹாங் பக்கமிருந்து திரும்பும்போது, இறக்கம் தொடங்கும் இடத்தில் ரோட்டோரமாக ஒரு முனீஸ்வரர் கோயில். அங்கே நிறுத்தி, ராமையா இறங்கிச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு ஏறினால்தான் லோரி கீழே இறங்கும். எத்தனை அவசரமானாலும் அந்த வழக்கத்தை அவர்கள் விட்டதில்லை.

அன்றைக்கும் விடவில்லை. சூடம் கொளுத்தி, திருநீறு பூசி, இருவரும் இறங்கினார்கள். பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பக்கத்தில் மோதித்தான் லோரி நின்றது. ராமையா அங்கேயே போய்விட்டார். இவருக்குக் காலில் எலும்பு முறிவு.

விசாரணையில், டிரைவர் மேல் தப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள். இவர் மனதுக்குள் அப்படி எழுதிக்கொள்ளவில்லை.

மௌனம்

ராமையாவின் சாவுக்கு இவரால் போக முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு தனமே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வெள்ளைப் புடவையில், கட்டிலின் கால்மாட்டில் ரொம்ப நேரம் நின்றாள். இவர் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறார் என்று நான் சொன்னேன். அவர் தூங்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு கால் கூடிவிட்டது. ஆனால் மனுஷன் திரும்பி வரவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவில்லை. காரில் ஏறச் சொன்னால்கூட மாட்டார். கிளினிக்குக்கு நடந்தே போவார். கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துத் திருநீற்றுத் தட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், “சாமி மேல என்னங்க கோபம்?” என்று கேட்டுவிட்டேன்.

“நின்னு கும்பிட்டுட்டுத்தானே இறங்குனோம்,” என்றார்.

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. சஷ்டி விரதம் தவறாமல் இருப்பவள் நான். முருகனிடமே இதைக் கேட்டிருக்கிறேன். அவன் சிரித்த முகமாகத்தான் இருக்கிறான்.

சாமான் கடை

அந்த விளையாட்டுப் பெட்டி என் மகன் சேகருடையது. யாரோ கூட்டாளியிடம் பழையதாக வாங்கி வந்தான். டிஸ்க்குகள் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கியவை. பிறகு வேலை கிடைத்து ஜோகூருக்குப் போனவன், பெட்டியை வீட்டிலேயே விட்டுப் போனான். கலா பள்ளி விட்டு வந்து கொஞ்ச நேரம் விளையாடுவாள். ஐந்தாம் படிவம் படிக்கிற பிள்ளை, பரீட்சை வருகிறதே என்று நான் கத்துவேன்.

அந்த மழை நாளுக்குப் பிறகு கத்துவதை விட்டுவிட்டேன். பெட்டியைப் போட்டால் அவர் நாற்காலி கொஞ்சம் திரும்புகிறது என்பதைக் கவனித்தேன். கார் ஓடும்போது அவர் பார்ப்பதில்லை. ஓடி முடிந்து அந்தச் சாமான் கடை திறக்கும்போதுதான் பார்ப்பார்.

ஆனால் பிள்ளை படிக்க வேண்டுமே. கடைசியில், “அந்தக் கட்டைய என்கிட்ட குடு. நான் ஓட்டுறேன்,” என்றேன்.

கலா வாயைப் பிளந்தாள். “அம்மா, நீங்க சைக்கிள்கூட ஓட்டுனது இல்லலா!”

“சைக்கிள்னா விழுந்துடுவேன். இதுல எங்க விழப் போறேன்?”

பெருக்கல் குறி போட்ட பட்டனை அழுத்தினால் கார் போகும். சதுரம் போட்டது பிரேக். அதிலும் முதலில் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. கோட்டுக்குள் காரை நிறுத்திக் காட்ட வேண்டும். நான் கோட்டைத் தாண்டி, சுவரை முட்டி, ஒருமுறை பின்னாலேயே போய்விட்டேன். லைசென்ஸ் கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன் என்றால் நம்புவீர்களா? வைத்தேன்.

அந்த வெள்ளைக் காருக்கு நான் பூஜையும் போட்டேன். எங்கள் வீட்டில் எந்த வண்டி வந்தாலும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றாமல் ஓட்டியதில்லை. டிவி கண்ணாடியின் ஓரத்தில் சந்தனம், குங்குமம் வைத்தேன். கீழே எலுமிச்சம்பழங்களைத் தரையில் வரிசையாக வைத்து, காரை முன்னால் நகர்த்தினேன்.

“அம்மா, கார் உள்ள இருக்கு. பழம் வெளிய இருக்கு,” என்றாள் கலா.

“சாமிக்கு உள்ளயும் வெளியயும் ஒண்ணுதான்.”

“டிவிய தூக்கி பழத்து மேல வைங்க. அப்பத்தான் சரியா நசுங்கும்.”

நாற்காலியிலிருந்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்புத்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று பயம்.

எதை வாங்குவது

அந்தக் கடையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. ரேஸில் ஜெயித்தால் பரிசு கிடைக்கும். அதில் ஏதாவது ஒரு சாமான் வாங்கலாம். கடைசியில் வருகிற எனக்குக் கிடைப்பதோ கொசுறு. அதனால் ஒன்றை வாங்கிவிட்டால், அடுத்ததுக்கு நாட்கணக்கில் ஓட்ட வேண்டும். எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்பதுதான் அந்த விளையாட்டின் பாதி.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எனக்கு வலது பக்கத்தில் வந்துவிட்டார். கட்டையை மட்டும் தொட மாட்டார். கலா வந்து இங்கிலீஷில் இருப்பதைப் படிப்பாள். பிரேக் வாங்கினோம். அடுத்து டயர். அடுத்து, குலுக்கலைத் தாங்குகிற அப்சோபர். அதற்கடுத்து பிரேக்கிலேயே இன்னும் உசத்தியாக ஒன்று, முன்னாலும் பின்னாலும் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளக்கூடியது. அதையும் வாங்கச் சொன்னார். பின்னால் எத்தனை, முன்னால் எத்தனை என்று கலாவிடம் ஏற்றி இறக்கச் சொல்லி, கண்ணை மூடி யோசித்து, மறுபடி மாற்றச் சொல்வார். ஒரு சாமானுக்கு ஒரு சாயங்காலமே போய்விடும்.

கலாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அப்பா, இது ரேஸ்லா. ஸ்கூல் பஸ் இல்ல. என்ஜின் வாங்காம எப்படி ஜெயிக்கிறது?”

“ஜெயிக்கணும்னு யார் சொன்னா?”

“அப்ப எதுக்கு ரேஸ்?”

“நிக்கணும்மா. எங்க வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் நிக்கணும். அதுக்கப்புறம் உன் டர்போவ வாங்கு.”

இன்னொரு தடவை, எல்லாச் சாமானையும் பார்த்து முடித்துவிட்டு, “டயர தட்டிப் பாக்க ஆள் இல்லியே இதுல,” என்றார். கலா மெதுவாகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்த விளையாட்டில் கார் எத்தனை மோதினாலும் நசுங்காது. ஒரு கீறல்கூட விழாது. முட்டிய இடத்திலிருந்து பளபளவென்று மறுபடி புறப்படும். நான் முட்டும்போதெல்லாம் அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, காரின் ஓரங்களைப் பார்ப்பார். எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று தேடுவார்.

ஒன்று கேட்க வேண்டும்

ராமையாவின் ஆண்டுத் திதி நெருங்கியது. தனம் போன் செய்தாள்.

“அக்கா, வீட்டுலயே படையல் போடுறேன். அண்ணன கண்டிப்பா கூட்டிட்டு வாங்க.”

“சொல்றேம்மா. அவர்தான் எங்கயும்…”

“அக்கா, அண்ணன்கிட்ட நான் ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரிக்கு அதுக்குத்தான் வந்தேன். ஒரு வருஷமா மனசுல கிடக்கு. அவரத் தவிர வேற யார்கிட்டயும் கேக்க முடியாது.”

நான் போனை வைத்துவிட்டு வந்து சொன்னேன்.

“நான் வரல,” என்றார்.

“அவ ஒண்ணு கேக்கணுமாம்.”

“தெரியும். அதான் வரல.”

எனக்கு எதுவும் புரியவில்லை. தனம் சாபம் விடுகிற பெண் இல்லை. ஆனால் இவர் போகவில்லை என்றால், இனிமேல் எங்கேயும் போக மாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. பிரம்பு நாற்காலியிலேயே உட்கார்ந்து முடிந்துவிடும்.

நான் முருகனோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். இந்த மனுஷன் தன் வாயால் ஒரு தடவை, ‘சரி, என்ஜின் வாங்கு’ என்று சொல்லிவிட்டால், தனம் வீட்டுக்கும் வருவார் என்று எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்த சஷ்டிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கிறேன் என்றேன்.

அதற்கப்புறம் தினமும் ஓட்டினேன். சமையலை முடித்துவிட்டு ஓட்டினேன். தைக்க வந்த துணிகள் கூடையில் தேங்கின. பரிசு கொஞ்சம் சேர்ந்ததும் கடையைத் திறந்து, “இப்ப என்னங்க வாங்கலாம்?” என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்பேன்.

“பிரேக் இன்னும் இருக்கான்னு பாரு,” என்பார்.

இருக்கிற பிரேக்கெல்லாம் வாங்கியாகிவிட்டது.

சுவர்

ஒரு பிற்பகல். கலா பள்ளியில் இருந்தாள். ஹாலில் வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரைந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கறிவேப்பிலை தாளிக்கிற வாசனை.

ரேஸ் ஒரு மலைப் பாதையில். இதற்கு முன்னால் நான் ஓட்டாத பாதை அது. ஒரே இறக்கம். இடது பக்கம் பாறைச் சுவர், வலது பக்கம் தடுப்பு, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, வானம்தான். கார் என் கைக்கு அடங்காமல் ஓடியது. சதுரப் பட்டனை எப்போது அழுத்துவது என்று எனக்குப் பிடிபடவில்லை. அழுத்தினால் சுற்றிக்கொள்கிறது, அழுத்தாவிட்டால் தடுப்பில் போய் விழுகிறது.

அப்போது தற்செயலாக ஒன்று கண்டுபிடித்தேன். வளைவு வரும்போது இடது பக்கம் முழுசாகத் திருப்பிவிட்டால், கார் பாறையில் உரசிக்கொண்டே போய் வேகம் குறைந்து நின்றுவிடுகிறது. பிரேக்கே தேவையில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இங்க பாருங்க! இடது பக்கம் சாய்ச்சு உரசிட்டா தானா நின்னுடுது! பாருங்க, ஒண்ணும் ஆகல!”

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“பாக்கியம்,” என்றார். “அந்த வண்டியில இடது சீட்டுல ஆள் இல்ல.”

டிவியில் கார் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பாட்டுச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என் கையிலிருந்த கட்டை மடியில் விழுந்தது.

“பிரேக் புடிக்கல,” என்றார். “வலது பக்கம் எதிர்ல காருங்க வரிசையா ஏறிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு அந்தாண்ட பள்ளம். இடது பக்கம் மலை. மலையில உரசுனா நின்னுடும்னு திருப்புனேன். நான்தான் திருப்புனேன். நான் வலது சீட்டு. அவன் இடது சீட்டு.”

“வேற வழி இருந்துச்சாங்க?”

“தெரியல. அத யோசிக்கிறதுக்குத்தான் இந்த ஒரு வருஷமும்.”

“போலீஸ்ல சொல்லலியா?”

“பிரேக் புடிக்கலன்னு சொன்னேன். உண்மைதானே. எந்தப் பக்கம் திருப்புனேன்னு யாரும் கேக்கல.” கொஞ்சம் நிறுத்தி, “தனம் கேப்பா,” என்றார்.

படித்தவளாக இருந்தால் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு வந்தது இதுதான். “கேக்கட்டுங்க. கேக்குறதுக்கு அவளுக்கு மட்டும்தான் உரிமை இருக்கு.”

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அவர் வரும்வரை நான் டிவியை அணைக்கவில்லை. அந்தக் காரை அப்படியே பாறையில் விட்டுவிட்டு அணைக்க மனசு வரவில்லை.

நின்ற கார்

இரண்டொரு நாள் பெட்டியைப் போடவில்லை. பிறகு ஒரு காலையில், நான் பூ கட்டிக்கொண்டிருந்தபோது, டிவி சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், அடிபட்ட காலை நீட்டிக்கொண்டு. கட்டை அவர் கையில் இருந்தது.

அதே மலைப் பாதை. மற்ற கார்கள் சீறிக்கொண்டு போய்விட்டன. அவர் மெதுவாக ஓட்டினார். இறக்கம் தொடங்கியது. நான் கதவோரம் நின்றேன். இறக்கம் செங்குத்தாகப் போகிற இடத்தில், அவர் கட்டைவிரல் சதுரப் பட்டனை அழுத்தியது.

கார் நின்றது. சறுக்கவில்லை, சுற்றவில்லை. நடு இறக்கத்தில், ரோட்டின் நடுவில், அப்படியே நின்றது.

அவர் விரலை எடுக்கவில்லை. மேலே நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற கார்கள் எல்லாம் ஓடி முடித்திருக்கும். இவர் கார் மட்டும் மலைப் பாதையில் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கையிலிருந்த மல்லிகை வாடத் தொடங்கிவிட்டது.

“புடிச்சிடுச்சு,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு கட்டையைக் கீழே வைத்தார். “திதி என்னைக்கு?” என்று கேட்டார்.

என்ஜின் வாங்கு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சஷ்டிக்கு நான் தண்ணீர் குடிக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில்

கொமுட்டர் ரயிலில் போனோம். வழி முழுக்க அவர் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வாய்க்குள் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, சாம்பிராணியும் வடை எண்ணெயும் கலந்த அந்தத் தெருக்களில் நடந்தோம். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

தனத்தின் வீடு அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. ராமையாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் தலைவாழை இலை. அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறிப் பிரட்டல், சம்பல், அவித்த முட்டை, ஒரு கிளாஸில் கறுப்புப் பீர். சொந்தக்காரர்கள் ஐந்தாறு பேர் சாமி கும்பிட்டுவிட்டு வெளி வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவர் படத்தைப் பார்த்து நின்றார். தனம் சமையலறையிலிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள்.

“வாங்கண்ணே.”

அவர் உட்காரவில்லை. நின்றபடியே, வந்த வேகத்திலேயே சொல்லிவிட்டார். “தனம், நான்தாம்மா இடது பக்கம் திருப்புனேன்.”

வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். தனம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“லோரிய போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டாந்து போட்டிருந்தாங்கல்ல, நான் போய்ப் பாத்தேண்ணே,” என்றாள். “எந்தப் பக்கம் நசுங்கியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கா உங்கள வரச் சொன்னேன்?”

இவர் அவளையே பார்த்தார்.

“எல்லாரும், அவர் தூங்கிக்கிட்டு இருந்தாரு, தெரியாமயே போயிட்டாருன்னு சொல்றாங்க. எனக்கு ஆறுதலுக்கு. நான் நம்பல. லோரியில அவர் தூங்க மாட்டாரு. உங்ககூட போறப்ப தூங்கவே மாட்டாரு. சொல்லுங்கண்ணே. முழிச்சுக்கிட்டா இருந்தாரு?”

“முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்.”

“பயந்தாரா?”

“பயந்தான்மா. நானும் பயந்தேன்.”

“என்ன செஞ்சாரு?”

இவர் ராமையாவின் படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“பிரேக் புடிக்கலன்னதும் சின்ன கியருக்கு இழுத்தேன். கியர் விழல. பல்லு கடிக்கிற மாதிரி சத்தம் மட்டும் வந்துச்சு. ‘விடாத மச்சான்’னு சொல்லிட்டு அவனும் கைய நீட்டி, என் கை மேல கைய வச்சு இழுத்தான். ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். நான் மத்தக் கையால ஸ்டியரிங்க திருப்புனப்பகூட அவன் எடுக்கல. கடைசி வரைக்கும் என் கை மேலதான் அவன் கை இருந்துச்சு.”

சூடம் எரிந்து முடிந்த வாசனை அறையில் நின்றது.

“எந்தக் கைண்ணே?”

அவர் இடது கையை நீட்டினார். நீட்டியவர், தப்பு செய்துவிட்டவர் போல அதைப் பின்னால் இழுக்கப் பார்த்தார். நாம் இடது கையால் ஒருவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டோம். கோயிலில் திருநீறு வாங்க அந்தக் கையை நீட்ட மாட்டோம்.

தனம் விடவில்லை. அந்த இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். குனிந்து, முதலில் ஒரு கண்ணிலும் பிறகு மறு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். இவர் தோள் குலுங்கியது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படத்துக்கு முன்னால் இருந்த படையல் இலையைத் தரையில் கொஞ்சம் இந்தப் பக்கமாக இழுத்து வைத்தாள்.

“உக்காருங்கண்ணே,” என்றாள். “அவரு எலையில நீங்கதான் சாப்பிடணும்.”

அவர் அடிபட்ட காலை மடக்க முடியாமல் மடக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தார்.